புதுக்கோட்டைத் தைல மரமும் காகிதக் கூழும்

கோட்டைப்பட்டினத்தில் பஸ் ஏறி அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்குப் போகிறவருக்கு வழிநெடுக மரம் மாறிக்கொண்டே வரும். கடலோர மணலில் சவுக்கு. கொஞ்சம் உள்ளே வந்தால் சீமைக் கருவேலம். அறந்தாங்கி தாண்டிய செம்மண் மேட்டில் தைல மரம். பலர் வாயில் அது ஆர்.எஸ்.பதி மரம். கருவேலம் கரி மூட்டத்துக்கும் அடுப்புக்கும் போய்விடும். சவுக்கும் தைலமும் பட்டை உரித்து, லாரியில் அடுக்கி, எடைமேடை ஏற்றி, காகித ஆலைக்கு அனுப்பப்படுகின்றன. கரூர் மாவட்டத்தில் காகிதபுரம், மணப்பாறை அருகே மொண்டிப்பட்டி, ஈரோட்டை ஒட்டிய பள்ளிபாளையம் ஆகியவை தமிழ்நாட்டில் மரக்கூழ் காகிதத்துக்குப் பேர்போன ஊர்கள். சவுக்கில் ஒரு பங்கு சாரக் கம்பாகவும் பந்தல் காலாகவும் ஊரிலேயே தங்கிவிடும். மீதி கூழாகிறது.

இந்த மரங்களைப் பற்றி மாவட்டத்தில் பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. நிலத்தடி நீர் போயிற்று, கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் போராடியிருக்கிறார்கள்; விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. வாதம் முழுக்கத் தோட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. எனக்கோ அதில் பாதிதான் பேசப்படுகிறது என்று படுகிறது. ஒரு டன் காகிதத்துக்கு எவ்வளவு மரம் வெட்ட வேண்டும் என்பது கன்று நடுகிறவர் கையில் இல்லை. மரத்தை வேகவைக்கும் முறை, கூழை அரைக்கும் முறை, தாளின் கனம், பழைய தாள் எவ்வளவு திரும்ப வருகிறது என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. ஆலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் தோட்டத்தின் அளவைப் பற்றிப் பேசுவது கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டுவதாகவே முடியும்.

முதலில் மரம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியத் தைல மரம் 1843-இல் நீலகிரிக்கு வந்தது, விறகுக்காக. காகிதத்துக்கும் அதற்கும் அப்போது தொடர்பில்லை. இந்திய ஆலைகள் நெடுங்காலம் மூங்கிலையும் புல்லையும் நம்பியிருந்தன. மூங்கிலிலிருந்து ஆலைக்கு ஏற்ற கூழ் எடுக்கும் வழியை டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வில்லியம் ரைட் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ந்து வகுத்தார். 1960-இல் தொடங்கப்பட்ட பள்ளிபாளையம் சேஷசாயி ஆலையும் அந்த மரபில் வந்ததுதான். காட்டு மூங்கில் அருகியபோது வேகமாக வளரும் மரங்களின் பக்கம் கண் திரும்பியது. 1974-இல் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் அமைந்தது. புதுக்கோட்டையின் செம்மண் காடுகளில் தைல மரம் பெரும்பரப்பில் நடப்பட்டது. 1988 தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை இயன்றவரை விவசாயிகளோடு நேரடி உறவு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அதற்குப் பிறகு பட்டா நிலத்திலும் கூழ் மரம் பரவியது. கோவையில் உள்ள வன மரபியல் நிறுவனம் சவுக்கிலும் தைலத்திலும் தேர்ந்தெடுத்த குளோன் ரகங்களை வெளியிட்டது. சவுக்குக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அதன் வேர் முடிச்சில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். கடலோர மணலில் அது பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் விஷயத்தில் இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரு கிலோ மரம் உண்டாக்கத் தைல மரம் குடிக்கும் தண்ணீர் மற்ற பல பயிர்களோடு ஒப்பிட்டால் அதிகமில்லை என்று வனத்துறையினர் சொல்வது சரி. ஆனால் அது வேகமாக வளர்கிறது, கோடையிலும் இலை உதிர்ப்பதில்லை. ஆகவே ஒரு ஏக்கரின் மொத்தக் கணக்கில் அதிகம் குடிக்கிறது. 1990களில் நீரியல் ஆய்வாளர் இயான் கால்டர் குழுவினர் கர்நாடகத்தில் அளந்தபோது, ஆழமான மண்ணில் வேர் எட்டு மீட்டருக்கும் கீழே இறங்கியதையும், சில இடங்களில் மரம் பெய்த மழையைவிடக் கூடுதலாக நீரை இழுத்ததையும் கண்டார்கள். அதாவது பழைய ஆண்டுகளின் ஈரத்தை அது எடுத்துச் செலவழித்தது. புதுக்கோட்டையில் இன்னொரு புகாரும் சேர்கிறது: தோட்டங்களில் மழைநீர் தேங்கட்டும் என்று வெட்டிய வாய்க்காலும் போட்ட வரப்பும் கண்மாய்க்கு ஓடிவரும் நீரை மறித்துவிட்டன என்கிறார்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் எஞ்சும் நீரும் ஆயிரக்கணக்கான கண்மாய்களும்தான் இந்த மாவட்டத்தின் உயிர். எனவே அந்தப் புகாரை மரத்தின் மேல் மட்டும் போட முடியாது. மண் வேலையின் பங்கும் அதில் இருக்கிறது.

இனி ஆலைக்குப் போவோம்.

பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, கிழிந்த விளிம்பை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளை மயிர்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் தாளையே நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை கிழித்தால் ஒரு வாக்கில் கிழிசல் நேராக ஓடும், மறு வாக்கில் கோணலாகத் திரும்பும். கூழ் ஓடிய திசையில் இழைகள் படுத்திருப்பதால் வரும் வித்தியாசம் அது. விளிம்பில் தெரியும் மயிர் ஒவ்வொன்றும் ஒரு மர இழை அல்லது சில இழைகளின் கொத்து. தைல மர இழையின் நீளம் முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. சவுக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வரும். குளிர் நாட்டுப் பைன் இழை சுமார் மூன்று மில்லிமீட்டர். நம் மண்ணின் மரத்தால் செய்யும் காகிதத்தின் நல்லது கெட்டது அனைத்துக்கும் இந்த நீள வித்தியாசமே அடிப்படை. குட்டை இழை தாளை வழவழப்பாகவும், மறுபக்கத்து எழுத்து தெரியாதபடியும் ஆக்கும், அச்சுக்கு நல்லது. ஆனால் கிழிபடாமல் தாங்கும் பலம் குறைவு. அதனால்தான் மரத்தாலும் கரும்புச் சக்கையாலும் காகிதம் செய்யும் இந்திய ஆலைகள் வெளிநாட்டு நீள இழைக் கூழையும் கொஞ்சம் வாங்கிக் கலக்கின்றன.

மரத்தின் எடையில் பாதியை ஒட்டி செல்லுலோஸ். கால் பங்குக்குக் கொஞ்சம் கூட ஹெமிசெல்லுலோஸ். ஏறக்குறைய கால் பங்கு லிக்னின், இழைகளைக் கட்டிப்பிடித்திருக்கும் பசை. தேங்காய் மட்டையைக் காயலில் ஊறப்போட்டு அடித்துக் கயிற்று நார் எடுக்கிறார்களே, அங்கே தண்ணீரும் நுண்ணுயிரும் மாதக்கணக்கில் செய்யும் வேலையை இங்கே காரமும் வெப்பமும் சில மணி நேரத்தில் செய்கின்றன. மரத்தை ஒரு அங்குல நீளச் சில்லுகளாகச் சீவி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த வெள்ளைத் திரவத்தில் 160 முதல் 170 டிகிரி வெப்பத்தில் டைஜஸ்டர் என்னும் உயரமான அழுத்தக் கலத்தில் வேகவைப்பார்கள். ஜெர்மானிய வேதியியலர் கார்ல் தால் 1879-இல் கண்டுபிடித்த கிராஃப்ட் முறை இது. ஆலைப் பக்கம் போகும்போது மூக்கைத் துளைக்கும் அழுகிய வாடையும் அந்தக் கந்தகத்தால்தான்.

வெந்து வரும் கூழ் பழுப்பு நிறம். போட்ட மரத்தின் உலர் எடையில் 45 முதல் 50 சதவீதம்தான் கூழாகத் தேறும். மீதிப் பாதி, கரைந்த லிக்னினோடு சேர்ந்து கருந்திரவத்தில் போய்விடும். அது வீணாவதில்லை. அதை ஆவியாக்கிக் கெட்டியாக்கி, பெரிய பாய்லரில் எரிப்பார்கள். லிக்னின் எரிந்து நீராவியும் மின்சாரமும் கொடுக்கும். சோடியமும் கந்தகமும் உருகிக் கீழே வழியும். அந்த உருகலைக் கரைத்துச் சுண்ணாம்போடு சேர்த்தால் மறுபடியும் வெள்ளைத் திரவம். சரியாக நடக்கும் ஆலையில் இரசாயனத்தில் 95 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. இந்தச் சுழற்சி மட்டும் இல்லையென்றால் எந்த ஆறும் ஒரு கூழ் ஆலையைத் தாங்காது.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இதில் அறிய வேண்டிய ஒன்று உண்டு. மரத்தோடு வரும் உப்பு இந்தச் சுழற்சியை விட்டு எளிதில் வெளியே போகாது. சுற்றிச் சுற்றிச் சேரும். குளோரைடு கூடினால் பாய்லர் சாம்பலின் உருகுநிலை இறங்கி, குழாய்களில் ஒட்டி அடைக்கும், அரிக்கும். கனடாவின் மேற்குக் கரையில் கட்டைகளைக் கடலில் மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டுவந்தவர்கள் இதனால் பெரும்பாடு பட்டார்கள். மணலும் அப்படித்தான். பட்டையில் ஒட்டி வரும் மணல் சீவும் கத்தியை மழுக்கும், பின்னால் கூழை அரைக்கும் ரிஃபைனர் இயந்திரத்தின் தகட்டைத் தேய்க்கும். பட்டையைத் தோப்பிலேயே உரித்துவிடுவது லாரிக் கூலியை மிச்சப்படுத்துவதோடு ஆலையின் இயந்திரத்தையும் காக்கிறது. உரித்த பட்டை மண்ணுக்கே திரும்புவதால் அதிலுள்ள சத்தும் நிலத்திலேயே தங்கும். வேகாத வெயிலில் கையால் பட்டை உரிக்கும் கூலியாட்களின் வேலைக்கு இந்த மதிப்பெல்லாம் சேர்த்து விலை போட்டதாக நான் பார்த்ததில்லை.

வெளுப்பது பற்றி நீட்டத் தேவையில்லை. முன்பு நேரடிக் குளோரின் வாயுவால் வெளுத்தார்கள். அதிலிருந்து டையாக்சின் போன்ற நஞ்சுகள் உருவாவது 1980களில் தெரியவந்த பிறகு, உலகம் ஆக்சிஜனுக்கும் குளோரின் டையாக்சைடுக்கும் மாறியது. காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் அப்படி மாறிய ஆலைதான்.

வெளுத்த கூழ் பார்ப்பதற்குக் காகிதத்துக்குத் தயாரானதாகத் தோன்றும். அப்படியே சல்லடையில் ஊற்றித் தாளாக்கினால் வருவது உப்பிய, பலமில்லாத அட்டைதான். விரலால் உரசினால் தூள் பறக்கும், மை ஊறிப் பரவும். இழைகள் இன்னும் வழவழப்பான, விறைத்த குழாய்களாகவே இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று படுத்தாலும் தொடும் இடம் கொஞ்சம்தான். காகிதத்தில் பசை இல்லை. இழைக்கும் இழைக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்பு விழுவதால்தான் தாள் தாளாக நிற்கிறது. பிணைப்பு விழ வேண்டுமானால் இரண்டு பரப்புகள் மிக நெருங்கிப் படிய வேண்டும். படிய வைப்பதுதான் ரிஃபைனரின் வேலை.

ரிஃபைனரைத் திறந்து பார்த்தால் எதிரெதிரே நிற்கும் உலோகத் தகடுகள். தகடு முழுக்க மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் வரப்புகள், இடையிடையே பள்ளங்கள். ஒரு தகடு நிலையாக நிற்க, மற்றது சுழலும். நூற்றுக்கு நாலு ஐந்து பங்கு இழை கலந்த கூழ் நடுவிலிருந்து புகுந்து விளிம்பு வழியே வெளியேறும். இரண்டு தகட்டுக்கும் நடுவே விடும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான், சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர். வரப்பும் வரப்பும் எதிர்ப்படும் ஒவ்வொரு தடவையும் இடையில் சிக்கிய இழைக் கொத்து நசுங்கி விடுபடுகிறது. அப்போது உள்ளே நடப்பது பல. இழைச் சுவரின் அடுக்குகள் ஒன்றை ஒன்று விட்டு விலகி, இடையில் தண்ணீர் புகுந்து, விறைத்த குழாய் தளர்ந்து பட்டையான நாடாவாகிறது. வெளித்தோல் பிரிந்து மிக மெல்லிய நூல்கள் கிளம்புகின்றன. கொஞ்சம் தூளும் உண்டாகிறது. சில இழைகள் வெட்டுப்பட்டுக் குட்டையாகின்றன. முதல் இரண்டும் வேண்டியவை. நான்காவது நம் மரத்துக்கு ஆகவே ஆகாது, ஏற்கெனவே முக்கால் மில்லிமீட்டர்தானே இருக்கிறது.

அதனால் பைனுக்கும் தைலத்துக்கும் ஒரே தகடு போட்டு அரைக்கக் கூடாது. பைன் இழைக்கு அகன்ற வரப்பு, பலமான அடி. தைலத்துக்கும் சவுக்குக்கும் குறுகிய, நெருக்கமான வரப்புகள். ஒவ்வோர் அடியும் மெல்லியதாக, எண்ணிக்கை மிகுந்ததாக இருக்க வேண்டும். செலவாகும் மின்சாரம் ஒன்றாகவே இருந்தாலும் அதை எத்தனை வரப்பு விளிம்புகளுக்குப் பங்கிடுகிறோம் என்பதில்தான் இழை பிழைப்பதும் ஒடிவதும் இருக்கிறது. பொறியாளர்கள் இதை விளிம்பின் ஒரு மீட்டருக்கு இத்தனை ஜூல் என்று அளக்கிறார்கள். குட்டை இழைக்கு ஒரு ஜூலுக்கும் கீழே, நீள இழைக்கு இரண்டு மூன்றும் அதற்கு மேலும். நீள இழையையும் குட்டை இழையையும் தனித்தனியே அரைத்துப் பிறகு கலக்கும் ஆலையில் இறக்குமதிக் கூழ் குறைவாகவே செலவாகும். ஒன்றாகக் கொட்டி அரைத்தால் இரண்டில் எதற்கும் உரிய அரைப்பு கிடைக்காது.

எவ்வளவு அரைத்தோம் என்று தெரிந்துகொள்ளும் சோதனை எளிமையானது. ஷாப்பர்–ரீக்லர் கருவியில் இரண்டு கிராம் உலர் இழை கலந்த ஒரு லிட்டர் கூழை ஊற்றுவார்கள். அடியிலுள்ள சல்லடை மேல் இழைப் படுகை உருவாக, தண்ணீர் அதன் வழியே வடியும். அரைபடாத கூழில் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். அரைபட்டதில் தயங்கித் தயங்கி இறங்கும். அந்தத் தயக்கத்தைப் பாகைகளில் சொல்கிறார்கள். அரைபடாத மரக்கூழ் 20 பாகைக்குள் நிற்கும். எழுதும் தாளுக்கு 30 பாகையைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். கூடிப்போனால் தாளின் இழுவிசை பலம் ஏறும். ஆனால் தாள் அடர்ந்து, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியத் தொடங்கும், கிழிபடாத் தன்மை இறங்கும், இயந்திரத்தில் தண்ணீர் வடியாமல் வேகத்தைக் குறைக்க நேரும், உலர்த்த நீராவி அதிகம் செலவாகும். பலகாரக் கடைப் பட்டர் பேப்பர், வரைபடம் எடுக்கும் டிரேசிங் தாள் இரண்டும் வேண்டுமென்றே மிகையாக அரைத்த கூழில் வருபவை. மை ஒற்றும் தாளுக்கும் கைதுடைக்கும் தாளுக்கும் அரைப்பது மிகக் குறைவு. மரம் ஒன்றே; ரிஃபைனரில் என்ன செய்கிறோமோ அதுதான் இன்ன தாள் என்று பிரிக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக்காரர்கள் கத்தி பதித்த உருளையைத் தொட்டியில் சுழலவிட்டு இதைச் செய்தார்கள்; அதற்கு முன் உலக்கையால் இடித்தார்கள். கருவி மாறியிருக்கிறதே தவிர, இழையைத் தண்ணீரில் வைத்து அடிக்க வேண்டும் என்பது மாறவில்லை.

பிறகு நடப்பது விறுவிறுவென்று முடியும். கூழில் சுண்ணாம்புக் கார்பனேட் தூளும், மை பரவாமல் தடுக்கும் பொருளும் சேர்த்து, நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான இழை இருக்கும்படி நீர்க்கச் செய்து, ஓடும் வலையில் தெளிப்பார்கள். வலையில் வடிந்தது போக, அழுத்தும் உருளைகளில் பிழிந்தது போக, மீதி ஈரம் நீராவி உருளைகளில் உலரும். கஞ்சி பூசி, மெருகேற்றி, சுருளாகச் சுற்றிவிட்டால் தாள்.

மரமே வேண்டாம் என்று தொடங்கிய ஒரு முயற்சியும் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1979-இல் மாநில அரசு உருவாக்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு, உலக வங்கிக் கடனோடு, ஆண்டுக்கு 90,000 டன் திறனில் 1980களின் நடுவில் உற்பத்திக்கு வந்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் பாய்லரில் எரித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நீராவியோ எரிபொருளோ கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொண்டது. பின்னர் அதன் ஆண்டுத் திறன் 4 லட்சம் டன்னை எட்டியது. சக்கையில் மென்மையான சோறும் கலந்திருக்கும். அதை நீக்காவிட்டால் தண்ணீர் வடியாது. சக்கைக் கூழுக்கு அதிகம் அரைக்கவும் தேவையில்லை. சக்கை கழுவிய நீரிலிருந்து மீத்தேன் எடுத்துச் சுண்ணாம்புச் சூளையில் எரிப்பதும், சுண்ணாம்புக் கழிவிலிருந்து சிமெண்ட் செய்வதும், சுத்திகரித்த நீரைச் சுற்றுவட்டார வயலுக்குப் பாய்ச்சுவதும் அந்த ஆலையில் நடக்கின்றன. இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும் மரத்தை விட முடியவில்லை. கரும்பு விளைச்சல் மழையோடு ஏறி இறங்கும். சர்க்கரை ஆலைகளும் சக்கையை எரித்து மின்சாரம் விற்கக் கற்றுக்கொண்டன. 2016-இல் மொண்டிப்பட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறனுள்ள அட்டை ஆலை வந்தது. பின்னர் அங்கேயே மரக்கூழ்ப் பிரிவும் வந்தது. புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குப் பக்கத்திலேயே மரத்துக்குப் பெரிய வாய் திறந்திருக்கிறது.

இப்போது கணக்கு. ஒரு டன் வெளுத்த கூழுக்கு இரண்டு டன்னுக்கு மேல் உலர் மரம் வேண்டும். வெட்டிய மரத்தில் ஏறக்குறையப் பாதி ஈரம் என்பதால் எடைமேடையில் அது நாலு டன்னைத் தாண்டும். இதைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. 80 கிராம் தாளுக்குப் பதில் 70 கிராம் தாள் பயன்படுத்தினால் எட்டில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் மெல்லிய தாள் ஜெராக்ஸ் இயந்திரத்தில் சிக்காமல் ஓட வேண்டும், மறுபக்கம் தெரியக் கூடாது. அந்த விறைப்பையும் பலத்தையும் தருவது மெல்ல அரைத்த இழை. ரிஃபைனர் தகட்டைச் சரியான நேரத்தில் மாற்றாமல், தேய்ந்த வரப்போடு ஓட்டும் ஆலை, அந்தப் பலவீனத்தை ஈடுகட்ட இழையைக் கூட்டிப் போடும். அந்தக் கூடுதல் இழை எங்கோ ஓர் ஏக்கரில் நிற்கும் மரம்.

அட்டையில் இன்னொரு வழி இருக்கிறது. மேல், கீழ் அடுக்குகள் இரசாயனக் கூழாக இருந்தாலும், நடு அடுக்குக்கு, சில்லுகளை மருந்தில் லேசாக ஊறவைத்து ரிஃபைனரிலேயே நேரடியாக அரைத்து எடுக்கும் கூழ் போதும். லிக்னின் பெரும்பாலும் உள்ளேயே தங்குவதால் மரத்தின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் தேறும். இரசாயன முறையில் கிடைப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விலை மின்சாரமாகக் கொடுக்க வேண்டும்: டன்னுக்கு ஆயிரம் யூனிட்டைத் தாண்டும், சாதாரணத் தைல மரக் கூழை அரைக்க நூறு யூனிட்டைச் சுற்றித்தான் ஆகும். கருந்திரவம் எரித்து வரும் இலவச நீராவியும் கிடையாது. சூரிய, காற்று மின்சாரம் மிகுந்துள்ள தமிழ்நாட்டில் இது ஆழ்ந்து ஆராய வேண்டிய வழி என்று நினைக்கிறேன்.

பழைய தாளுக்கும் எல்லை உண்டு. ஒரு தடவை உலர்ந்த இழைச் சுவரின் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். மறுபடி நனைத்தாலும் முன்போல ஊறாது. அதை மீண்டும் அரைத்தால் ஊறுவதைவிட ஒடிவதே அதிகம். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு இழை சேறாகிவிடும். புது இழை எப்போதும் கொஞ்சம் வேண்டும். ஆனாலும் அந்த எல்லையை நாம் நெருங்கவே இல்லை. இந்தியா இன்னமும் வெளிநாட்டுக் கழிவுத்தாளைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்கிறது. கோட்டைப்பட்டினம் கடைத்தெருவில் பொட்டலம் மடிக்கும் பள்ளி நோட்டுத் தாள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் குப்பைக்குப் போகிறது. வெளுத்த மரக்கூழால் ஆன நோட்டுத் தாள் பழைய பேப்பரில் உயர்ந்த வகை. ஆண்டு முடிவில் பள்ளியிலேயே தனியாகச் சேர்த்தால் ஆலைக்கு அது கழிவு அல்ல, இழை.

இவற்றையெல்லாம் புதுக்கோட்டையின் நிலத்தோடு சேர்த்துப் பார்க்க ஏற்ற தருணம் மரம் வெட்டும் ஆண்டுதான். தைல மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு தானாகத் துளிர்க்கும். யாரும் எந்த முடிவும் எடுக்காவிட்டாலும் அடுத்த சுற்று தொடங்கிவிடும், இன்னும் சில ஆண்டுக்கு அந்த நிலம் போய்விடும். ஆலைகள் ஒரு டன் தாளுக்கு எத்தனை டன் மரம் வாங்கின என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும். அந்த எண் இறங்கும் அளவுக்கு, வனத் தோட்டக் கழக நிலத்தில் கண்மாய் நீர்வரத்தை ஒட்டிய தோப்புகளில் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, வரப்பை வெட்டிவிடலாம். எந்தத் தோப்பு எந்தக் கண்மாயின் வரத்தில் நிற்கிறது என்பது அந்தந்த ஊர் ஆயக்கட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசி மழைக்கு முன்னால் அவர்களிடம் கேட்டுப் பட்டியல் எடுக்கச் செலவும் அதிகம் இல்லை.